விட்டுப்போன ஒரு ‘போல’

கடைக்குள் வந்தால் டீச்சர் கண் முதலில் ஓரத்தில் நிற்பவர்மேல்தான் போகும். ஜெராக்ஸ் கடையில் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். கையில் ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு, முன்னால் சத்தம் போடுகிறவர்களின் வேலையெல்லாம் முடியட்டும் என்று நிற்பார். “அண்ணா, அந்தம்மா எனக்கு முன்னாடியே வந்துட்டாங்க. அவங்களுத எடுத்துட்டு எங்கிட்ட வாங்க” என்பார் டீச்சர். அவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். இருந்தாலும் நிற்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கடையில் எல்லோருக்கும் அவர் டீச்சர். ஊரை ஒட்டியிருந்த ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவராக இருக்கலாம். ஆரணியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் பெரியப்பா மகன் வைத்திருக்கும் கடையில் நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். தமிழ் தட்டச்சு மட்டும் எப்படியோ கைக்கு வந்துவிட்டது. வாய்தான் வராது. ஆட்களிடம் பேச வேண்டி வந்தால் விரலால் விலைப் பட்டியலைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வேன்.

டீச்சர் ஒரு வலைப்பூ நடத்தினார். “உங்க பிளாக்” என்று யாராவது சொன்னால், “நம்ம பிளாக்” என்று திருத்துவார். ஆரணி, சேத்துப்பட்டு, கலசப்பாக்கம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வகுப்பில் நடந்ததை எழுதிப் போடும் இடம் அது. எல்லாரும்தான் வாட்ஸப்பில் இருக்கிறார்களே, இது எதற்கு என்று என் அண்ணன் ஒருமுறை கேட்டான்.

“வாட்ஸப்புல போட்டா மறுநாள் காலையில அதுமேல முப்பது குட்மார்னிங் ஏறி உக்காந்துக்கும். இதுல போட்டா இருக்கும். நாலு வருஷம் கழிச்சும் ஒருத்தர் தேடி வந்து படிக்கலாம்.”

ஆரம்பத்தில் எழுதியவர்கள் ஐந்தாறு பேர். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். டீச்சரிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. எழுதியவர்கள் பெயர் அதில் இருக்காது. இன்னும் எழுதாதவர்கள் பெயர்தான் இருக்கும். மலைமேல் ஓராசிரியர் பள்ளி, உருதுப் பள்ளி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போகிற சிறப்பாசிரியர், அங்கன்வாடி. ஒருவர் எழுதி அனுப்பிவிட்டால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்கு விரலை நகர்த்துவார்.

முன்பே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு கவிதை கொண்டுவருவார். ஒருநாள் டீச்சர் கடையில் இருக்கும்போதே வந்துவிட்டார்.

“என்னம்மா, என் கவிதை பத்து நாளா நிக்குது?”

“ஐயா, உங்களுது இதுவரைக்கும் பதினாலு போயிருக்குது. மலையில ஒரு பொண்ணு முதல் தடவையா நாலு வரி அனுப்பிருக்குது. அது ஏறட்டும்.”

“நாலு வரியா? ஹைக்கூவா?”

“இல்லங்கய்யா. கழிப்பறைக் கதவப் பத்தி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதுபோலக் குனிந்துகொண்டேன்.

உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எழுதவே மாட்டேன் என்று போட்டோவாக அனுப்பிக்கொண்டிருந்தார். சரி, போட்டோவுக்குக் கீழே ஒரு வரி மட்டும் போடுங்கள் என்று டீச்சர் அவரை மடக்கினார். வந்த வரி இது: ‘கோ-கோ கற்றுக்கொடுக்க மண் வேண்டும். எங்கள் பள்ளியில் சிமெண்ட்.’ அதைப் படித்துவிட்டு டீச்சர் கடையிலேயே கைதட்டினார். உருதுப் பள்ளி ஆசிரியருடையதை உருதுவிலேயே போட்டோம். எனக்கு இடமிருந்து வலம்தான் பழக்கம். புள்ளியெல்லாம் தப்பான பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவரே நேரில் வந்து, “தம்பி, என் வரியெல்லாம் புறமுதுகு காட்டிகினு ஓடுதே” என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார்.

எந்தப் பதிவுக்கும் முதல் பின்னூட்டம் டீச்சருடையதாகத்தான் இருக்கும். அதில் பாராட்டு இருக்காது, ஒரு கேள்வி இருக்கும். கதவு இல்லாத நாளில் பெண்பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மழைக்காலத்தில் அந்த சிமெண்ட் தரை எப்படி? “அருமை, சூப்பர்னு போட்டா அதோட கதை முடிஞ்சுது அண்ணா. கேள்வி கேட்டா பதில் சொல்றதுக்காவது அவங்க திரும்பி வருவாங்க” என்றார்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று தெரியும். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரையும் சும்மா விட அவருக்குத் தெரியாது. மலைப்பள்ளி ஆசிரியை ஒருநாள் சான்றிதழ் நகல் எடுக்க வந்தபோது, “மேடம் டெய்லி போன் பண்றாங்கண்ணா. கதவத் தவுர எழுதறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. போன் அடிச்சாவே பேஜாரா கீது” என்றாள். என்னையும் அவர் விடவில்லை.

“நீங்க எப்ப எழுதப்போறீங்க?”

“நான் என்ன டீச்சரா?”

“ஒரு நாளைக்கு எத்தினி பேருக்கு ஃபாரம் நிரப்பக் கத்துக்குடுக்கறீங்க. அத எழுதுங்க.”

அதற்குப் பிறகு அவர் வருகிற நேரம் பார்த்துப் பேப்பர் கட்டு வாங்கப் போய்விடுவேன். பேசாதவர்கள் எல்லோரும் பேச ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள், யாராவது கூப்பிட்டால் போதும் என்று அவர் நம்பினார். பேசாமல் இருப்பதும் ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழியாக இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியதில்லை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நோட்டில் கடைசியாக மிஞ்சிய பெயர்களில் ஒன்று அவர் பள்ளியின் சத்துணவு சமையல் அம்மாவுடையது. ஆசிரியர் வலைப்பூவில் சமையல் அம்மா எதற்கு என்று ஒரு சண்டையே நடந்தது. இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். டீச்சர் விடவில்லை. “நூறு பிள்ளைங்க மூஞ்சிய தெனம் தட்டோட பாக்கறவங்க. எந்தப் பிள்ள காலையில சாப்பிடாம வந்துதுன்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்.”

அந்தம்மா எழுதுகிறவர் இல்லை. அதனால் டீச்சர் அவர் பேசுவதைப் போனில் பதிந்தார். குரலைக் கேட்டுத் தானே எழுதும் வசதி போனில் இருக்கிறதே என்று அதையும் முயன்று பார்த்தார். ‘ஜல்தியா வா’ என்றால் அது ‘சளியா வா’ என்று எழுதியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. “இந்தப் போனுக்கு நம்ம ஊரு தெரியல. நீங்களே கேட்டு அடிச்சிடுங்கண்ணா. ஆனா அவங்க சொன்ன மாதிரியே இருக்கணும், சரியா?” என்று பதிவை எனக்கு அனுப்பிவிட்டுப் போனார்.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பின்னால் எங்கோ விசைத்தறி ஓடுகிற சத்தம். அதற்கு நடுவே அந்தம்மாவின் குரல், அவசரமே இல்லாமல்.

“ஒரு பொண்ணு கீது. தெனமும் லைன்ல வந்து நிக்கும். தட்ட நீட்டும். நான் போடப் போனா லைட்டா இழுத்துக்கும். அப்பால கொழாய்க்குப் போயி தட்டக் கழுவிகினு வரும், சாப்ட்ட மாரியே. ஒரு பருக்க கூட படல, எதுக்குக் கழுவுது சொல்லு? முட்ட போடற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கூட நேரம் நிக்கும். அவங்க வூட்ல வோணாம்னு சொல்லிக்கிறாங்க போல. கொழந்த இன்னா பண்ணும். நான் ஒண்ணும் கேக்கறதில்ல.”

இரண்டு முறை கேட்டேன். பிறகு சொன்ன மாதிரியே அடித்தேன். அடித்து முடித்துத் திரையில் பார்த்தபோது கூச்சமாக இருந்தது. நானும் இப்படித்தான் பேசுகிறவன். என் வீட்டிலும் இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் வேறு ஒருவருடைய பேச்சுமொழிப் பதிவுக்கு அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ‘இது ஆசிரியர் வலைப்பூவா, சந்தைக்கடையா?’ என்று எழுதியிருந்தார். இந்தம்மாவையும் அப்படிச் சொல்லிவிடுவாரே என்று இருந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ‘கழுவிகினு’ ‘கழுவிக்கொண்டு’ ஆனது. ‘கீது’ ‘இருக்கிறாள்’ ஆனது. பள்ளிக்கூடத்தில் நான் படிக்காத தமிழெல்லாம் விரலில் வந்தது. கடைசியில் அந்த வரிக்கு வந்தேன். ‘அவளுடைய வீட்டில், உண்ணக் கூடாது என்று தடை விதித்திருக்கிறார்கள்.’

‘போல’ இல்லை. மறந்து விட்டதல்ல. எடுத்தேன். பள்ளி விட்டதும் பசியோடு வீட்டுக்கு ஓடும் அந்தப் பெண்ணைத் தெருவில் பார்த்திருக்கிறேன், யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீடு நான் இருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு, எங்கள் ஆட்கள்தான், பட்டுத் தறி வைத்திருப்பவர்கள். சமையல் அம்மா காலனியிலிருந்து வருகிறவர். அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உண்மைக்குப் பக்கத்தில் ‘போல’ எதற்கு என்று நினைத்தேன். உண்மை அந்தம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதும், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்தச் சமையலறையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்தம்மா பெயரிலேயே பதிவு போனது. அதுவரை எதற்கும் வராத அளவு பின்னூட்டங்கள் வந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரே ‘கண்கள் பனித்தன’ என்று எழுதினார். டீச்சர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். யாரோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். நான்காவது நாள் அது அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். அந்தப் பதிவைப் பத்து நகல் எடுத்துக்கொண்டு வரும்படி அங்கிருக்கும் தலைமையாசிரியர் கடைக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். நான்தான் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். கால் போகவில்லை. வகுப்பறை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பெண்ணின் அப்பா நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது முகத்தில்.

“தடை விதிச்சோமாம். எப்ப விதிச்சோம்? தண்டோரா போட்டோமா? எம்பொண்ணுக்கு வயிறு சேரல, சாப்புடல. அத இப்டி ஊரெல்லாம் சிரிக்கற மாரி எழுதுவாங்களா?”

சமையல் அம்மா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

“நான் அப்டி சொல்லலங்க. போலன்னுதாங்க சொன்னேன்.”

“இன்னா போல?”

“சொல்லிக்கிறாங்க போலன்னு.”

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “இந்தத் தமிழ இந்தம்மா பேசுமா? ‘விதித்திருக்கிறார்கள்’. எங்க, ஒரு வாட்டி சொல்லச் சொல்லு பாக்கலாம்.” சிலர் சிரித்தார்கள். “படிச்சவங்க எழுதி இவுங்க தலையில கட்டியிருக்காங்கய்யா.”

தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் எந்தக் கூட்டத்திலும் செய்வதுபோல அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், இன்னும் பேசாதவர் யார் என்று. கண் வாசலுக்கு வந்தது. என்மேல் ஒரு நொடி நின்றது.

‘நான்தான் மாற்றினேன்.’ மூன்று சொல் கூட இல்லை. எதிரே நிற்பவர்கள் என் ஆட்கள். நாளைக்கும் நான் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். குனிந்து, யாருடையதோ ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி வைத்தேன்.

“எழுதுனது நான்தான். அந்தம்மா அப்படிச் சொல்லல” என்றார் டீச்சர்.

பதிந்த குரல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைப் போட்டுக் காட்டியிருந்தால் டீச்சர் பொய் எழுதவில்லை என்று தெரிந்திருக்கும். ஆனால் அந்தம்மா அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசியதும் அவர் குரலிலேயே உறுதியாகியிருக்கும். டீச்சர் அதனால்தான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் வாய் திறக்காததற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை.

அதுவரை ஒரு பிள்ளைதான் தட்டை வெறுமனே கழுவிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பிறகு ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்தார்கள். மறைவாக இருந்தது வெளியே வந்துவிட்டதால் இனி மறைக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. பிரச்சினை வேண்டாம் என்று சமையலுக்கு வேறொருவரை வைத்து, அந்தம்மாவைப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். பதினைந்து நாள் கழுவினார். பிறகு வரவில்லை.

டீச்சருக்குச் சேத்துப்பட்டுக்கு அந்தப் பக்கம் மாறுதல் வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நிர்வாகக் காரணம் என்று தாளில் இருந்தது. அந்தத் தாளுக்கு நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். நானும் அவரும்தான் இருந்தோம்.

“நான்தான் மாத்தினேன் டீச்சர்” என்றேன்.

“தெரியும். போடறதுக்கு முன்னாடி குரலையும் கேட்டேன், நீங்க அடிச்சதையும் படிச்சேன்.”

எனக்குப் புரியவில்லை. அவரைப் பார்த்தேன்.

“போல இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுது அண்ணா. நல்லா இருந்துது. அந்த ஐயா மாதிரி ஆளுங்கல்லாம் இதப் பாத்து வாயடைச்சுப் போகணும்னு தோணுச்சு. விட்டுட்டேன்.”

மெஷின் நகலைத் துப்பியது. எடுத்துக் கொடுத்தேன்.

“அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்.”

“ஆமா” என்றார்.

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் சொல்லவில்லை. தாளைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கும் கடை ஓரத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றுகொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார். டீச்சரை நான் பார்த்தது அதுதான் கடைசி. கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்து பார்த்தேன், அந்த எண் உபயோகத்தில் இல்லை. வலைப்பூ அப்படியே நின்றுபோயிருந்தது. பதிவுகளை ஏற்றுகிறவன் நான் என்பதால் கடவுச்சொல் என்னிடம் இருந்தது.

போன மாதம் சமையல் அம்மா கடைக்கு வந்தார். பீடித் தொழிலாளர் அட்டையோ எதுவோ வாங்க ஆதார் நகல் வேண்டுமாம். நிறைய இளைத்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய நியாயமும் இல்லை. நகலைக் கொடுத்தேன். போகத் திரும்பியவரை, “அம்மா” என்று கூப்பிட்டுவிட்டேன்.

வலைப்பூவைத் திறந்து காட்டினேன். குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது என்றும், அவர் சொன்னதைச் சொன்ன மாதிரியே மாற்றிப் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது இன்னும் இங்கதான் கீதா?”

“இருக்குதும்மா.”

“எடுத்துடு.”

“அந்த ஒரு வார்த்தைய சேத்துட்டா...”

“எடுத்துடு சாமி. எல்லாத்தையும். நான் பேசவே இல்ல.”

அழித்தேன். உண்மையாகவே அழிக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் இன்னொரு முறை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். குரல் இருந்த கோப்பையும் அவர் கண்முன்னாலேயே அழித்தேன். அதன்பிறகுதான் சொன்னேன், அதை மாற்றி அடித்தது டீச்சர் இல்லை, நான் என்று.

அவர் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார்.

“நீயா?”

“நான்தாம்மா.”

“நான் அந்த டீச்சரையில்ல இத்தினி நாளா திட்டிகினு கீறேன்.”

பெஞ்சில் உட்கார்ந்தார். நகல் எடுத்த தாளை இரண்டாக மடித்து, பிறகு நான்காக மடித்தார்.

“ரெண்டு வாட்டி வூட்டுக்கு வந்துச்சு அது. நான் கதவு தொறக்கல. ரெண்டாவது வாட்டி மழ வேற.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. கூப்புடக் கூட இல்ல. ஜன்னல் சந்துல பாத்துகினு இருந்தேன். கொடையப் புடிச்சிகினு அப்டியே நின்னுது. அப்பால போயிடுச்சு.”